மூளைக்காயத்துக்குப் பின் நினைவு திரும்ப மருந்து: கேள்வி பதில்

கேள்வி: அண்ணனுக்கு விபத்தில் தலையில் அடிபட்டு ஏழு வாரம் ஆகிறது. கண் திறக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை. விழிப்பைத் தூண்டும் அமாண்டடின் மருந்தைத் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் அதற்கு முன் இப்போது என்னென்ன மருந்து போகிறது என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, அமைதியின்மைக்கு ஹாலோபெரிடால், தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென், கூடவே தூக்கம் வரவைக்கும் குளோனசிபம் என்று பட்டியல் நீண்டிருந்தால், ஒரு கையால் எழுப்பி மறு கையால் அமுக்குவதுபோல் ஆகிவிடும். முதல் இரண்டும் மூளையை விழிப்பாக வைக்க உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தடுப்பவை. அமாண்டடின் தூண்டப் பார்ப்பதோ அதே டோபமினை. வலிப்பே வராத நோயாளிக்குத் தடுப்பாக ஆரம்பித்த பெனிடாயின் (வலிப்பு மருந்து) முதல் வாரத்துக்குப் பிறகும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். உடல் துடிக்காமல் உள்ளே மட்டும் ஓடும் வலிப்பை மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி.தான் காட்டும். சோடியம், தைராய்டு, கார்டிசால் அளவுகளும் தேவை. இவற்றில் ஒன்று காரணமாக இருந்தால், அதைச் சரிசெய்யாமல் அமாண்டடின் கொடுத்துப் பயனில்லை.

கேள்வி: அமாண்டடினின் அளவும் நேரமும் என்ன? (நான் வார்டு செவிலியர்.)

பதில்: அமாண்டடின் பற்றி 2012இல் வெளியான ஆய்வில் அடிபட்டு 4 முதல் 16 வாரம் ஆன 184 பேர் இருந்தார்கள். முதல் 14 நாள் 100 மி.கி. தினம் இரு வேளை. முன்னேற்றம் போதவில்லையென்றால் மூன்றாம் வாரம் 150, நான்காம் வாரம் 200, அதுவும் இரு வேளையே. காலையிலும் நண்பகலிலும் கொடுங்கள். மாலைக்குத் தள்ளினால் இரவுத் தூக்கம் கெடும். தூங்காத மூளை மறுநாள் விழிப்பாக இருக்காது. குழாய் வழி என்றால் சிரப் வசதி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 50 மி.கி. என்று இருந்தால் 100 மி.கி.க்கு 10 மி.லி.

இந்த மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்க்காமல் முழு அளவு கொடுத்தால் உடலில் தேங்கி, குழப்பம், தசைத் துடிப்பு, வலிப்பு வரை போகும். கால் வீக்கமோ தோலில் வலைபோன்ற ஊதாக் கோடுகளோ தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுத்தும்போது படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கேள்வி: இதைக் கொடுத்தால் முழுமையாகக் குணமாகிவிடுமா?

பதில்: அந்த ஆய்வு காட்டியது வேகத்தை. மருந்து கொடுத்த நான்கு வாரமும் தேறுதல் வேகமாக இருந்தது. நிறுத்திய பின் வேகம் குறைந்து, ஆறாவது வார முடிவில் மருந்து பெற்றவர்களும் பெறாதவர்களும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். இதைக் குடும்பத்துக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வேகத்துக்கு மதிப்பு உண்டு: சீக்கிரம் விழித்தவர் சீக்கிரம் பயிற்சிக்குள் வருவார்.

கேள்வி: தூக்க மாத்திரை கொடுத்ததும் எழுந்து பேசினார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் அரிது. சோல்பிடெம் அது. 84 பேரிடம் சோதித்ததில் தெளிவாகப் பலன் தெரிந்தது 4 பேருக்கு. பலன் வருபவர்களுக்கும் சில மணி நேரமே நிற்கும். மருத்துவர் ஒப்புக்கொண்டால் 10 மி.கி. ஒரே தடவை கொடுத்து, முன்பும் ஒரு மணி கழித்தும் சோதிக்கலாம். மாற்றமில்லையென்றால் தினமும் கொடுத்துக்கொண்டே இருப்பதில் பொருளில்லை.

கேள்வி: அம்மாவுக்கு இதயம் நின்று மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தது. அவருக்கும் அமாண்டடின் பொருந்துமா?

பதில்: மேலே சொன்ன ஆதாரம் அடிபட்ட காயத்துக்கு மட்டுமே. ஆக்சிஜன் குறைவுக்கு அதே உறுதியோடு சொல்ல முடியாது.

கேள்வி: மருந்து வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: 'கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறார்' என்பது போதாது. நோயாளியின் உணர்வு நிலையை அளக்கும் ஜே.எஃப்.கே. கோமா மீட்பு அளவுகோல் 23 புள்ளி கொண்டது. அதை மருந்துக்கு முன்பே இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது போட்டுவையுங்கள், ஏனென்றால் விழிப்பு மணிக்கு மணி மாறும். படுக்கை அருகே வெறும் பார்வையை நம்பினால், உணர்வு உள்ளவரையும் இல்லாதவர் என்று முடிவுகட்டும் தவறு பத்தில் நான்கு பேரளவுக்கு நடக்கிறது. பார்வை பின்தொடர்கிறதா என்று பார்க்க, கையில் பிடித்த கண்ணாடியை மெதுவாக நகர்த்துங்கள். விரலைப் பின்தொடராத கண்கள் தன் முகத்தைப் பின்தொடர்வதுண்டு. கட்டளை ஒன்றைச் சொல்லி பத்து விநாடி காத்திருங்கள். உடனே அடுத்ததைச் சொன்னால் முதலாவதற்கான பதிலை நாமே அழித்துவிடுகிறோம். வீட்டார் தினம் ஒரே நேரத்தில் எடுக்கும் கைபேசிக் காணொளிகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.