டெலிவரி தாமதம்: ஆள் சேர்ப்பதா, மென்பொருள் வாங்குவதா?

ஆர்டர்கள் தாமதமாகப் போகின்றன, ஆள் சேர்ப்பதா, மென்பொருள் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தீர்வுகள். பிரச்சினை என்னவென்று இன்னும் எழுதவில்லையே! முதலில் அதை எண்ணோடு ஒரே வரியில் எழுதுங்கள்: நூறு ஆர்டரில் எத்தனை, எத்தனை நாள் தாமதம், எப்போதிலிருந்து. அதில் 'ஆள் போதவில்லை' என்று வந்தால் அடித்துவிடுங்கள், அது ஊகம்.

அடுத்து, தாமதமான 30 ஆர்டர்களை எடுத்து, பதிவு, சரக்கு எடுத்தல், பேக்கிங், அனுப்புதல் என ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நேரம் கிடந்தன என்று குறியுங்கள். நேரத்துக்குப் போன 30 ஆர்டர்களையும் பக்கத்தில் வையுங்கள். ஒப்பீடு இல்லாவிட்டால் எல்லாமே காரணமாகத் தெரியும். அதிகம் தேங்கும் கட்டத்தில் மட்டும் 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே போங்கள். 'ஊழியரின் கவனக்குறைவு' என்பதோடு தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

தீர்வுகளுக்கு மதிப்பெண் போடும்முன் செலவு, கால அளவு ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று முடிவுசெய்யுங்கள். மதிப்பெண் போட்ட பிறகு அதைச் செய்தால் மனசுக்குப் பிடித்ததே ஜெயிக்கும். தேர்ந்ததை ஒரே பிரிவில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள்.