பத்துத் தடவை பறந்த விமானத்துக்கு ஒரு டை

சென்ற மாதம் இந்தப் பகுதியில், குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படும், நாமே ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி விமானக் கிட்டுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதிலும் சோவியத் ஒன்றியத்தில் ஒன்றிரண்டு செய்து பார்த்துவிட்டு நிறுத்திய ஜெட் விமானங்களின் கிட்டுகள். இவ்வளவு கடிதம் வரும் என்று ஆசிரியரே எதிர்பார்க்கவில்லை. பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே கேள்விதான் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1/72 அளவில் சுகோய் டி-4 கிட் வாங்கினேன். ஓரமெல்லாம் பிசிறு. உடலின் இரண்டு பாதிகளைச் சேர்க்க முளையும் இல்லை, குழியும் இல்லை. இறக்கையின் பின் ஓரம் தடியாக இருக்கிறது. என்னிடம் உள்ள ஜப்பான் கிட்டுகளெல்லாம் சேர்த்துப் பிடித்தாலே பொருந்திக்கொள்கின்றன. எனக்கு வந்தது போலிச் சரக்கா?
— கல்லூரி மாணவர், கும்பகோணம்

போலி இல்லை, தம்பி. அசல்தான். அசலே அப்படித்தான் இருக்கும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டை மேக்கராக, அதாவது வார்ப்பு அச்சு செய்பவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெட்டியைத் திறந்தால் எனக்கு முதலில் தெரிவது விமானம் அல்ல, அதை வார்த்த டைதான். பெரிய கம்பெனிக்காரர் கடினப்படுத்திய எஃகில் டை வெட்டுகிறார். அது லட்சக்கணக்கில் வார்த்தாலும் தாங்கும். வெட்டுகிற செலவு பயங்கரம்தான், ஆனால் அத்தனை பெட்டிக்கும் பிரித்துப் போட்டால் கட்டுப்படியாகும். டி-4 கதை வேறு. பறந்த விமானம் ஒன்றே ஒன்று. 1972 ஆகஸ்ட் 22 அன்று விளாதிமிர் இல்யூஷின் அதை முதல் முறை மேலே எடுத்துச் சென்றார். (விமான வடிவமைப்பாளர் செர்கெய் இல்யூஷினின் மகன். அப்பாவின் நிறுவனத்துக்குப் போகாமல் சுகோயில் டெஸ்ட் பைலட்டாக இருந்தவர்.) ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்துக்காக டைட்டானியத்திலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் கட்டிய அந்தக் குண்டுவீச்சு விமானம் பத்துத் தடவை பறந்ததோடு சரி. இப்படி ஒரு விமானத்தின் கிட்டை உலகம் முழுக்க எத்தனை பேர் வாங்குவார்கள்? சில நூறு, அதிகம் போனால் சில ஆயிரம். அதற்கு எஃகு டை வெட்டினால் கம்பெனியை மூடவேண்டியதுதான்.

அதனால் சிறு தயாரிப்பாளர்கள் மிருதுவான உலோகத்திலோ உலோகத்தூள் கலந்த எப்பாக்ஸியிலோ அச்சு செய்து, குறைந்த அழுத்தத்தில் வார்க்கிறார்கள். நீங்கள் எழுதிய மூன்று குறையும் இங்கிருந்துதான் வருகின்றன. மெல்லிய இடத்துக்குள் பிளாஸ்டிக் ஓட அழுத்தம் போதாது, ஆகவே எல்லாம் தடிமன். அச்சின் ஓரம் சீக்கிரம் தேயும், ஆகவே சோமாசி அச்சை அழுத்தும்போது மாவு பிதுங்குவதுபோலப் பிளாஸ்டிக் பிதுங்கிப் பிசிறாகிறது. முளையும் குழியும் நேருக்கு நேர் விழவேண்டும் என்றால் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் இரண்டு பக்கத்தையும் வெட்டவேண்டும். டூல்ரூமில் அதிகக் கூலி கேட்கிற வேலை அது. அந்த வேலையை அவர்கள் செய்யாமல் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். விலை இந்த மட்டில் நிற்பதற்கு அதுதான் காரணம்.

சரி, என்ன செய்வது? முதலில் எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைத் திருகிப் பிய்க்காதீர்கள். இந்தக் கிட்டுகளில் இணைப்புக் காம்பு பருமனாக இருக்கும், பாகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சின்ன ரம்பத்தால் சற்றுத் தள்ளி அறுத்து, மீதியை அரத்தால் தேயுங்கள். உள்பக்கம் மேடு மேடாக இருக்கும் எஜக்டர் பின் (வார்த்த பாகத்தை அச்சிலிருந்து தள்ளும் கம்பி) தடங்களை வெட்டி எறிந்தால்தான் இரண்டு பாதியும் ஒன்றையொன்று தொடும்.

முளைக்குப் பதில் நாக்கு வைக்கவேண்டும். காலிச் சட்டத்திலேயே சிறு துண்டுகளை வெட்டித் தட்டையாகத் தேய்த்து, ஒரு பாதியின் உள் விளிம்பில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாக ஒட்டுங்கள். பழைய ஏ.டி.எம். கார்டை வெட்டி ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பி.வி.சி., இது பாலிஸ்டைரீன். கிட்டுக்கான பசை இரண்டையும் உருக்கிச் சேர்க்காது. டி-4 உடல் இந்த அளவில் 60 சென்டிமீட்டரைத் தாண்டும். மூக்கிலிருந்து வால்வரை ஒரே மூச்சில் ஒட்டப் பார்க்காமல், டேப் போட்டு இறுக்கி, ஒரு சாண் ஒட்டிக் காயவிட்டு அடுத்த சாணுக்குப் போங்கள். இறக்கையின் பின் ஓரத்தை மெலிதாக்க, ஒட்டுவதற்கு முன்பே இரண்டு பாதிகளின் உள்பக்கத்தை உப்புத்தாளில் வைத்துத் தேயுங்கள். வெளிப்பக்கம் தேய்த்தால் பேனல் கோடுகள் போய்விடும்.

டி-4-இன் மூக்கு தரையிறங்கும்போது கீழே மடங்கும். மேலே தூக்கிவிட்டால் பைலட்டுக்கு முன்பக்கம் கண்ணாடியே கிடையாது, பெரிஸ்கோப்தான். ரஷ்யாவின் மோனினோ அருங்காட்சியகத்தில் மூக்கைத் தாழ்த்தித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். நானாக இருந்தால் தாழ்த்தியே வைப்பேன். தூக்கி வைத்தால் அது எப்படிப்பட்ட விமானம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

இந்த ஒற்றை விமானங்கள் சோவியத்தில் மட்டும் ஏன் இத்தனை? யார் இவற்றுக்குக் கிட் செய்கிறார்கள்?
— பள்ளி ஆசிரியை, மதுரை

சோவியத்தில் மட்டும் என்று சொல்லமுடியாது, டீச்சர். அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் செய்து போட்டவை ஏராளம். சோவியத்தில் மிக்கோயன், சுகோய், யாக்கோவ்லெவ், துப்போலெவ், லாவோச்கின், மியாசிஷேவ் என்று வடிவமைப்பு அலுவலகங்கள் தனித்தனியாக இருந்தன. அரசு ஒரு தேவையைச் சொன்னால் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகம் விமானத்தைக் கட்டிப் பறக்கவிட்டுக் காட்டும். தோற்றவற்றில் சில மாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள மோனினோவில் வெயிலிலும் பனியிலும் நிற்கின்றன. இன்று கிட் செய்பவருக்கு அது பெரிய உதவி.

கிட்டுகளில் பெரும்பாலானவை உக்ரைனின் சிறு நிறுவனங்களுடையவை. அமோடெல், மாடல்ஸ்வித் என்ற பெயர்களைப் பெட்டியில் பார்க்கலாம். செக் நாட்டிலும் இந்த வகை வேலை செய்பவர்கள் உண்டு.

எனக்குப் பிடித்த ஒன்று மிக்கோயனின் யே-152. ஒற்றை எஞ்சின், முழுக்க வெள்ளி நிறம். 1962 ஜூலை 7 அன்று கியோர்கி மொசோலோவ் இதில் மணிக்கு 2,681 கி.மீ. வேகத்தில் பறந்து உலக சாதனை செய்தார். சாதனைப் பதிவுக்குக் கொடுத்த பெயர் யே-166. ரகசியம் காக்க வைத்த பெயர் அது, அதனால் கிட் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடவேண்டும். இதில் இருந்த ஆர்-15 எஞ்சினின் வழிவந்ததுதான் பிறகு மிக்-25-இல் இரண்டாகப் பொருத்தப்பட்டது. நம் விமானப்படை ஓட்டிய மிக்-25 ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாணவர்களை டெல்லி சுற்றுலா அழைத்துப்போனால் அதன் பின்பக்கம் போய்க் குழாயின் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா முன்பு சோவியத் கப்பல். அதில் செங்குத்தாக எழும் யாக்-38 இருந்தது என்கிறார்களே, அதை எந்த நிறத்தில் செய்வது?
— ஓய்வு பெற்ற கடற்படைக்காரர், கடலூர்

உண்மைதான், சார். 1987-இல் ‘பாக்கு’ என்ற பெயரில் சேவைக்கு வந்து, பிறகு ‘அட்மிரல் கோர்ஷ்கோவ்’ ஆகி, 2013 நவம்பரில் நம்மிடம் விக்ரமாதித்யாவாக வந்த கப்பல் அது. யாக்-38-க்காகவே கட்டிய வகை. அதற்கு அடுத்த விமானமான யாக்-141, 1991 அக்டோபர் 5 அன்று அதே கப்பலின் தளத்தில் இறங்கும்போது வேகமாக விழுந்து தீப்பிடித்தது. பைலட் வெளியேறிப் பிழைத்தார். அந்தத் திட்டமும் அத்துடன் படுத்துவிட்டது.

நிறம்: மேலே அடர் நீலம், வயிறு பச்சை. பார்க்கிறவர்கள் தப்பாக அடித்துவிட்டதாகச் சொல்வார்கள், சொல்லட்டும். பைலட்டுக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் இரண்டு தூக்கு எஞ்சின்களுக்கு மேல் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்து வையுங்கள். இந்த விமானத்தின் பெருமையும் பிரச்சினையும் அந்த ஓட்டைக்குள்தான். வெப்பக் கடல்களில் அந்தக் குட்டி எஞ்சின்கள் திணறின. ஒன்று நின்றாலும் விமானம் நொடியில் குப்புறும் என்பதால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சாய்ந்தால் பைலட்டைக் கேட்காமலே இருக்கையைத் தூக்கி எறியும் அமைப்பையும் வைத்திருந்தார்கள். 1/48 அளவில் யாக்-38 பெரிய கம்பெனி கிட்டாகவே வந்திருக்கிறது. உங்களுக்கு உப்புத்தாள் வேலை மிச்சம்.

எங்கள் ஊர் ராஜாளி தளத்தில் பறந்த டியு-142-ஐ உங்கள் பட்டியலில் சேர்க்கவில்லையே?
— வாசகர், அரக்கோணம்

சென்ற மாதம் எழுதியது ஜெட் பட்டியல், ஐயா. 1992 முதல் 2017 வரை உங்கள் தலைக்கு மேல் பறந்த அந்தக் கடற்படை ரோந்து விமானம் டர்போபுரோப், எதிரெதிராகச் சுழலும் புரொப்பெல்லர் வைத்தது. கிட்டாகச் செய்தால் 1/72-இல் இறக்கை முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். வைக்க இடம் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள். நிஜத்தைப் பார்க்க விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலைக்குப் போனால் போதும்.

வெள்ளி நிற விமானம் எதைச் செய்தாலும் அடித்த பெயின்ட் வெளுத்துப் பால் படிந்ததுபோல ஆகிறது. பெயின்ட் மட்டமா?
— வாசகர், திருநெல்வேலி

எந்த மாதத்தில் அடித்தீர்கள் என்று எழுதவில்லை. மழை நாளாக இருந்திருக்கும். லாக்கர் வகைப் பெயின்ட்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சில்லிட்டுப்போகிறது. காற்றில் ஈரம் இருந்தால் அதன்மேல் நீர் படிந்து வெளுப்பு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நான் வெள்ளி நிறத்தைத் தொடுவதே இல்லை. அந்த இரண்டு மாதமும் தேய்ப்பு வேலை, ஒட்டு வேலை மட்டும். அவசரம் என்றால் கார் பெயின்ட் கடையில் ரிடார்டர் கேட்டு வாங்கித் தின்னரில் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள், ஆவியாவது மெதுவாகும். கம்ப்ரசர் குழாயில் நீர் வடிகட்டி இல்லாவிட்டால் மாட்டுங்கள்.

அப்புறம், வெள்ளி நிறத்துக்கு அடியில் பளபளப்பான கருப்பு வேண்டும். அந்தக் கருப்பில் உங்கள் முகம் தெரிந்தால்தான் மேலே அடிக்கிற வெள்ளி உலோகமாகத் தெரியும். குறைந்த எண்ணிக்கைக் கிட்டில் உடலின் மேல்கோடு முழுக்கப் பட்டி பார்த்திருப்பீர்கள். பட்டி காய்ந்தால் இறங்கும். வாரக்கணக்கில் விட்டு, வாட்டர் பேப்பரில் 400, 1000, 2000 என்று ஏறி, கருப்பு அடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் மறுபடி 400-க்கு வரவேண்டும். நான் பட்டிக்குப் பதில், கிட்டின் சட்டத்தையே நறுக்கிப் பசைப் புட்டியில் போட்டுக் கரைத்துக் குழம்பாக்கி வைத்துக்கொள்கிறேன். அதே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது மேடு பள்ளம் வராது.

என் கணவர் ஞாயிறு முழுக்கப் படுக்கையறையில் உட்கார்ந்து இதைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தூசு உடம்புக்குக் கெடுதலா?
— வாசகி, கோவை

கெடுதல்தான், அம்மா. சாம்பல் நிற பிளாஸ்டிக்கைவிட, கிட்டில் தனிப் பையில் வரும் ரெசின் பாகங்களின் தூசு மோசம். இருக்கை, சக்கரம், எஞ்சின் வாய் எல்லாம் பெரும்பாலும் ரெசினில்தான் வரும். அதைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்கவேண்டும். தூசு பறக்காது, சேறாக வழியும். முகக்கவசமும் வேண்டும். படுக்கையறை வேண்டவே வேண்டாம், பால்கனிக்கு அனுப்புங்கள். இதைப் படித்துக் காட்டும்போது நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஜப்பான் கிட்டுகள் செய்திருக்கிறேன். இந்த வகையில் முதலில் எதை எடுக்கலாம்? மூக்கில் ஈயம் வைக்கவேண்டும் என்கிறார்களே?
— வாசகர், சேலம்

டி-4 வேண்டாம். பெரிது என்றால் மூட்டுக் கோடும் நீளம். சின்னதாக எடுங்கள், யாக்-15 கிடைத்தால் நல்லது. 1946 ஏப்ரல் 24 அன்று மிக்-9-உம் அதுவும் ஒரே நாளில் முதல் முறை பறந்தன. யாக்கோவ்லெவ் அலுவலகம் ஓடிக்கொண்டிருந்த யாக்-3 புரொப்பெல்லர் விமானத்தின் மூக்கை எடுத்துவிட்டு, ஜெர்மன் யூமோ எஞ்சினின் சோவியத் வடிவத்தை அங்கே வைத்துவிட்டது. 1/72-இல் 12 சென்டிமீட்டர்தான், ஒரு மூட்டுக் கோட்டைச் சரியாக முடித்துப் பழக அது போதும்.

மூக்குச் சக்கரம் வைத்த ஜெட் எதுவானாலும், உடலை மூடுவதற்கு முன் மூக்குக்குள் தூண்டில் ஈயக் குண்டுகளை எப்பாக்ஸியில் பதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாலில் உட்கார்ந்துவிடும். இறக்கையை டேப்பால் ஒட்டி, சக்கரம் வரும் இடத்தில் விரலால் தாங்கி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு ஈயத்தைக் கூட்டலாம். யாக்-15-க்கு இந்தத் தொல்லை இல்லை, அதற்குப் பின்சக்கரம் வாலில். எஞ்சினின் நெருப்பு வயிற்றுக்கு அடியிலேயே பின்னோக்கிப் போனதால் ரப்பர் டயர் தாங்காது என்று அந்த வால் சக்கரத்தை முழு எஃகில் செய்தார்கள். பழக்கதோஷத்தில் அதற்கும் டயர் கருப்பு அடித்துவிடாதீர்கள், எஃகு நிறம்தான் சரி.