பி.டி. ரிசைன் பண்ணிட்டாரு, காலேஜ் கை கழுவிடுச்சு, மேனேஜ்மென்டை கேக்க முடியுமா?

கேள்வி: பொண்ணு காட்பாடி பக்கம் ஒரு ஆர்ட்ஸ் காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஃபர்ஸ்ட் இயர், வாலிபால் டீம். சேலம் டோர்னமென்ட்டுக்கு போனப்ப பி.டி. (காலேஜ் விளையாட்டு ஆசிரியர்) அவகிட்ட தப்பா நடந்துகிட்டாரு. பிரின்சிபால்கிட்ட நேர்ல போய் சொன்னோம், ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப பி.டி. ரிசைன் பண்ணிட்டாராம், ஆளே இல்ல இனிமே என்னன்றாரு கரஸ்பாண்டென்ட். தெரிஞ்ச ஒருத்தர் பேசி முடிச்சு தரேன்றாரு. மேல இருக்கறவங்களை ஒண்ணும் பண்ண முடியாதா? (குடியாத்தத்துல இருந்து ஒரு அப்பா)

பதில்: முடியும் சார். ஆனா நீங்க சொன்னது பிரின்சிபாலுக்கு தெரியும்னு காட்ட இப்ப உங்ககிட்ட ஒரு துண்டு பேப்பர் கூட இல்ல, நாளைக்கு அவரு "என்கிட்ட யாரும் வரவே இல்ல"ன்னு சொன்னா முடிஞ்சுது. தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் பண்ணலன்னு மேலிடத்தை கேக்கணும்னா அவங்களுக்கு என்னைக்கு தெரிஞ்சுதுன்னு காட்டணும், அதனால முதல் வேலை அந்த நாளை பேப்பர்ல கொண்டு வர்றது. பொண்ணு கையெழுத்து போட்டு, என்னைக்கு எங்க என்ன நடந்துச்சு, என்னைக்கு பிரின்சிபால்கிட்ட சொன்னோம், எல்லாம் எழுதி காலேஜோட ஐ.சி.சி.க்கு (பாலியல் தொல்லை புகாரை விசாரிக்கற உள் கமிட்டி) குடுங்க, காப்பில சீல் வாங்குங்க. சீல் போட மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதை பத்திரமா வைங்க. சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், உங்களுக்கு ரெண்டு போயிடுச்சு, பாத்துக்கோங்க.

சேலத்துல நடந்தது எங்க பொறுப்பு இல்லன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. யு.ஜி.சி.யோட 2015 விதிமுறைல ஸ்போர்ட்ஸ் மீட், கேம்ப், போக வர்ற வண்டி எல்லாமே கேம்பஸ் கணக்குதான். ஆள் ரிசைன் பண்ணிட்டா விசாரணை வேணாம்னும் எந்த சட்டத்துலயும் இல்ல. சத்தமில்லாம ரிசைன் வாங்கி, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டும் குடுத்து பக்கத்து காலேஜுக்கு அனுப்பி விடறது இங்க வழக்கமாவே ஆயிடுச்சு. அமெரிக்காவுல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டில ஒரு ஃபுட்பால் கோச் 1999லயே ரிட்டயர்டு, 2001ல கேம்பஸ்லயே ஒரு பையன்கிட்ட தப்பா நடந்தது மேலிடத்துக்கு தெரிஞ்சும் போலீசுக்கு போகல, கடைசில பிரசிடென்டா இருந்த கிரஹாம் ஸ்பேனியரை 2017ல குற்றவாளின்னு தீர்ப்பு சொல்லி 2021ல ஜெயிலுக்கே அனுப்பினாங்க. நம்ம ஊர்ல ஐ.சி.சி. வைக்காத காலேஜுக்கு முதல் தடவை ஃபைன் அதிகபட்சம் 50,000 ரூபா, ஸ்போர்ட்ஸ் டே ஃப்ளெக்ஸ் பேனருக்கே அதை விட செலவு பண்றவங்க எதுக்கு பயப்படப்போறாங்க? கிராண்ட்டை நிறுத்தலாம், அஃபிலியேஷனை ரத்து பண்ண சொல்லலாம்னு யு.ஜி.சி. விதில இருக்கு, இருக்கு அவ்ளோதான்.

ஆனா ஒரு விஷயத்துல சட்டத்துக்கு நிஜமாவே பல் இருக்கு. பொண்ணோட பொறந்த தேதி நீங்க எழுதல. சம்பவம் நடந்த அன்னைக்கு 18 முடியலன்னா இது போக்சோ. நல்லா கவனிங்க, புகார் குடுக்கற அன்னைக்கு இருக்கற வயசு இல்ல, சம்பவத்தன்னைக்கு இருந்த வயசு. ஃபர்ஸ்ட் இயர் பசங்கள்ல நிறைய பேருக்கு 17தான் இருக்கும், காலேஜ் வந்துட்டா மேஜர்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க, பிரின்சிபாலே நினைச்சுக்கறாரு. இன்னைக்கு பர்த்டே முடிஞ்சு 18 ஆயிடுச்சேன்னாலும் கணக்கு மாறாது, மூணு மாச கெடுவும் இதுக்கு கிடையாது. இதுல தனக்கு கீழ வேலை பாக்கறவன் செஞ்சதை தெரிஞ்சும் போலீசுக்கு சொல்லாத நிறுவனத் தலைவருக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், ஃபைனும் உண்டு. கமிட்டி விசாரிக்குதுன்றதெல்லாம் சாக்கு ஆகாது. டீம்ல வேற சின்ன பொண்ணுங்ககிட்டயும் நடந்திருக்கான்னு உங்க பொண்ணை மெதுவா கேளுங்க.

இப்ப அந்த பேசி முடிக்கறவர். பழைய பிளேயர், அசோசியேஷன்ல செல்வாக்கு, கரஸ்பாண்டென்ட்டுக்கு தெரிஞ்சவர், அதானே? இவங்க எல்லாரும் பேசறது ஒரே மாதிரிதான், பொண்ணு பேரு கெடும், ஃபார்ம் 3 சர்டிஃபிகேட் வராது, கோட்டா போயிடும், எதாவது வாங்கிட்டு விடுங்கம்பாங்க. ஃபார்ம் 3 யுனிவர்சிட்டிக்காக இன்டர்-யுனிவர்சிட்டி ஆடினதுக்கு யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் டைரக்டர் போட்டு குடுக்கறது, பி.டி. வீட்டு சொத்து இல்ல. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை காலேஜ் பிடிச்சு வைக்கக்கூடாதுன்னு யு.ஜி.சி. 2018லயே சொல்லிடுச்சு. சமரசம் வேணும்னா உங்க பொண்ணே கேட்டாதான் உண்டு, அதுலயும் காசு பேசக்கூடாதுன்னு சட்டமே சொல்லுது. காசு வாங்கிட்டா அப்புறம் பணம் பறிக்க வந்தாங்கன்னு உங்க மேலயே திருப்புவாங்க. அவரு நீட்டற வெள்ளை பேப்பர்ல கையெழுத்தே போடாதீங்க.

போலீசுக்கு போக சேலம் அலைய வேணாம். எந்த ஸ்டேஷன்லயும் எஃப்.ஐ.ஆர். போட்டுதான் ஆகணும், ஜீரோ எஃப்.ஐ.ஆர்.னு கேளுங்க, பக்கத்துல இருக்கற மகளிர் ஸ்டேஷன் போதும். "எங்க லிமிட் இல்ல"ன்னு அனுப்புனா அங்கயே நின்னு பெண்கள் ஹெல்ப்லைன் 181க்கு போன் போடுங்க, வயசு 18 ஆகலன்னா குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098. புகார் காப்பி ஒண்ணு சேர்க்காடு திருவள்ளுவர் யுனிவர்சிட்டி ரெஜிஸ்ட்ராருக்கும், ஒண்ணு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசுக்கும் போகட்டும், ரெண்டும் ஸ்பீட் போஸ்ட்ல.