ஸ்போர்ட்ஸ் காரில் கூடுதல் மீட்டர்களை எங்கே பொருத்துவது?

எந்த மீட்டரை எவ்வளவு அவசரமாகப் பார்க்க வேண்டும் என்பதே இடத்தைத் தீர்மானிக்கும். எஞ்சின் உச்ச வேகத்தில் ஓடும்போது ஆயில் பிரஷர் சில நொடிகள் விழுந்தாலே பேரிங் அடிபடும். அதனால் அந்த மீட்டர் ஸ்டீயரிங்குக்கு நேரே, டாஷ்போர்டின் மேல் விளிம்பில் இருக்கட்டும். கூலன்ட் வெப்பமும் பேட்டரி வோல்டேஜும் மெதுவாக மாறுபவை; அவற்றுக்கு நடு கன்சோல் போதும்.

முன் கண்ணாடியோரத் தூணில் பொருத்தப் பலர் ஆசைப்படுவார்கள். உள்ளே கர்ட்டன் ஏர்பேக் (மோதலில் பக்கக் கண்ணாடியோரம் திரைபோல விரியும் காற்றுப்பை) இருந்தால் வேண்டவே வேண்டாம்: அது விரியும்போது மீட்டர் தெறித்து உங்கள் முகத்தில் அடிக்கலாம். ஏர்பேக் இல்லாவிட்டாலும் வளைவுகளில் பார்வையை மறைக்கும்.

துளையிடும் முன், மீட்டர் அளவுள்ள (பொதுவாக 52 மி.மீ.) அட்டை வட்டத்தை டேப்பால் ஒட்டி, சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்து பாருங்கள். ஆயில் பிரஷருக்கு மின் சென்சார் வகையே நல்லது. மெக்கானிக்கல் வகையில் ஆயில் குழாய் கேபினுக்குள்ளேயே வரும், விரிசல் விட்டால் சூடான ஆயில் காலில் கொட்டும்.