மௌத் ஆர்கனில் ப்ளூஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: துறைமுகத்தில் வேலை செய்கிறேன். பத்துத் துளை கொண்ட சி ஸ்கேல் மௌத் ஆர்கனில், படிப்படியான காணொளிப் பாடங்களைப் பார்த்து ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகை) பழகிவருகிறேன். ஒற்றைத் துளையை ஊதும் பாடம் முடிந்தவுடன் ஜி ஸ்கேலில் வாசிக்கச் சொல்கிறார்கள், அடுத்தது பெண்டிங் (சுரத்தை வளைத்து இறக்குவது). எனக்கோ இரண்டாம் துளையில் காற்றை இழுத்தால் அடைத்த ஒலிதான் வருகிறது. குறை கருவியிலா? பெண்டிங்கை விட்டுவிட்டுப் பாடல்களுக்குப் போகலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: விட்டுவிட வேண்டாம். உங்கள் பாடங்கள் சரியான வரிசையில்தான் செல்கின்றன. அந்த வரிசையின் காரணம் தெரிந்தால் பொறுமை தானாக வரும்.

சி கருவியில் சி-யை ஸட்ஜமாக, அதாவது ஆதார சுரமாக, வைத்தால் சங்கராபரண ராகத்தின் சுரங்கள் கிடைக்கின்றன. அதன் பஞ்சமமான ஜி-யை ஸட்ஜமாக மாற்றிக்கொண்டால், கிரகபேதப்படி அதே கருவி ஹரிகாம்போதியின் சுரங்களைத் தருகிறது. ப்ளூஸுக்கு இன்றியமையாத கைசிகி நிஷாதம் (தாழ்ந்த 'நி') இவ்வாறு எளிதில் வந்து சேர்கிறது. அதைவிட முக்கியமானது, இப்போது ஸட்ஜம் இரண்டாம் துளையிலும், அந்தர காந்தாரம் (உயர்ந்த 'க') மூன்றிலும், பஞ்சமம் நான்கிலும் காற்றை இழுக்கும்போது ஒலிக்கின்றன என்பதாகும். கீழ்ப்பகுதித் துளைகளில் இழுக்கும் சுரங்களைத்தான் வளைக்க முடியும் என்பதால், ப்ளூஸ் கலைஞர்கள் இந்த நிலையையே பெரிதும் நாடினார்கள்.

ஒவ்வொரு துளையிலும் ஊதுவதற்கு ஒரு ரீடும் (காற்றில் அதிரும் உலோகத் தகடு) இழுப்பதற்கு ஒரு ரீடும் இருக்கின்றன. இழுக்கும் சுரத்தை, அதே துளையில் ஊதினால் வரும் சுரத்துக்கு அரைச்சுரம் மேலே உள்ள இடம் வரைதான் இறக்க முடியும். நான்காம் துளையில் இந்த இடைவெளி சிறியது. பஞ்சமத்திலிருந்து பிரதி மத்யமத்துக்கு ஒரே ஓர் அரைச்சுரம் இறங்கலாம். மூன்றாம் துளையிலோ இடைவெளி பெரியது. அந்தர காந்தாரத்திலிருந்து சாதாரண காந்தாரம் (தாழ்ந்த 'க'), சதுச்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம் என மூன்று படிகள் இறங்கலாம். ப்ளூஸின் உயிரான காந்தாரம் அந்தரத்துக்கும் சாதாரணத்துக்கும் நடுவில் அசைந்து நிற்பது. அதை எந்தத் துளையும் நேராகத் தராது. மேலும், முதல் மூன்று துளைகளின் பகுதியில் ரிஷபமும் கைசிகி நிஷாதமும் கருவியிலேயே இல்லை. வளைத்துத்தான் அவற்றைப் பெற வேண்டும். ஆகவே பெண்டிங்கை அலங்காரமாகக் கருதிப் பின்னால் ஒதுக்குவது, சுரங்கள் சிலவற்றை இழந்த கருவியில் பாடல் வாசிப்பதாக முடியும்.

உங்கள் கருவியில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாம் துளை அடைத்து ஒலிப்பது தொடக்க மாணவர் பலருக்கும் வருவது. வாயும் தொண்டையும் இறுகி, தெரியாமலேயே சுரத்தை வளைத்துவிடுகிறோம். தாடையைத் தளர்த்தி, நாவைத் தாழ்த்தி, கருவியை உதடுகளுக்குள் சற்று ஆழமாக வைத்து, வயிற்றிலிருந்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அந்த ஒலி தெளிந்த பின், நான்காம் துளையில் காற்றை இழுத்துக்கொண்டே வாயின் உட்புற வடிவத்தை 'ஈ'-யிலிருந்து 'ஊ'-வுக்கு மாற்றுங்கள். முதல் வளைவு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். எட்ட வேண்டிய சுரத்தை முதலில் குரலில் பாடிவிட்டு வாசியுங்கள், ஏனெனில் காது அறியாத இடத்துக்கு நாக்கு செல்லாது.

கேள்வி: சிறுவயதில் கர்நாடக இசை கற்றேன். இப்போது மௌத் ஆர்கன் பாடங்களில் வரும் 'பன்னிரண்டு பார்' கணக்கு மனத்தில் நிற்கவில்லை.
– வாசகி, பெரம்பூர்

பதில்: பார் என்பது தாளத்தின் ஓர் அளவு. ப்ளூஸ் பாட்டின் ஒரு சுற்றில் நாலு எண்ணிக்கை கொண்ட பார்கள் பன்னிரண்டு, அதாவது 48 அட்சரங்கள், ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனங்கள். முதல் இரண்டு ஆவர்த்தனங்களும் ஸட்ஜத்தை நம்பி நிற்கும். மூன்றாவது மத்யமத்துக்குச் செல்லும், நான்காவது ஸட்ஜத்துக்குத் திரும்பும். ஐந்தாவதன் முன்பாதி பஞ்சமம், பின்பாதி மத்யமம். ஆறாவது மீண்டும் ஸட்ஜம். நடை பெரும்பாலும் திஸ்ரம். ஓர் அட்சரத்தின் மூன்று பகுதிகளில் முதல் இரண்டையும் சேர்த்து நீட்டி, மூன்றாவதைச் சிறிதாக வைத்தால் ப்ளூஸின் அசைவு வந்துவிடும். கருவியைத் தொடாமல், கையால் தாளம் போட்டபடி அந்தந்த ஆதார சுரத்தை மட்டும் பாடிப் பழகுங்கள்.

கேள்வி: நான் கானா பாடுகிறவன். ப்ளூஸ் எனக்கு ஒத்துவருமா? நெருக்கமான குடியிருப்பில் இருப்பதால் சத்தமாகப் பயிற்சி செய்யவும் இயலாது.
– வாசகர், காசிமேடு

பதில்: நிச்சயமாக ஒத்துவரும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் தம் உழைப்பையும் இழப்பையும் பாடிய பாட்டு அது. மரணத்தையும் பிழைப்பையும் பாடிப் பழகிய உங்களுக்கு அதன் உணர்வை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ப்ளூஸ் பாட்டில் பெரும்பாலும் ஓர் அடி பாடப்படும், அதே அடி மீண்டும் வரும், மூன்றாவது அடி அதற்கு விடை சொல்லும். ஒவ்வோர் அடிக்கும் நான்கு பார் என்றால், குரல் ஏறத்தாழ இரண்டு பாரை எடுத்துக்கொள்ள, மீதியில் கருவி மறுமொழி சொல்லும். உங்கள் கானா அடியொன்றைப் பாடி நிறுத்தி, அந்த இடைவெளியில் இரண்டு மூன்று சுரங்களால் மட்டும் பதில் சொல்லிப் பாருங்கள். பாடங்களில் இந்தப் பயிற்சி தாமதமாக வந்தாலும் நீங்கள் இன்றே தொடங்கலாம்.

சத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். 1950-களில் சிகாகோவில் புகழ்பெற்ற லிட்டில் வால்டர், கருவியையும் மைக்கையும் ஒன்றாகக் கைக்குள் பொத்தி வாசித்து, பெருக்கியின் வழியே அந்த ஒலியை வளர்த்தார். நீங்களும் இரு கைகளாலும் நன்றாகப் பொத்தி மெல்ல வாசியுங்கள். வலிந்து இழுப்பதைவிட மென்மையான மூச்சில்தான் சுரமும் நன்றாக வளையும், ரீடும் நெடுநாள் உழைக்கும். வாங்கும்போது இரட்டை வரிசைத் துளைகள் கொண்ட டிரெமோலோ வகையைத் தவிர்த்துவிடுங்கள், அதில் இந்த வளைவுகள் ஒழுங்காக வராது. மரச்சட்டம் ஈரத்தில் உப்பக்கூடும் என்பதால் பிளாஸ்டிக் சட்டம் கொண்ட, பத்துத் துளைகள் உள்ள கருவியைக் கேட்டு வாங்குங்கள். வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்கியிருக்க உள்ளங்கையில் தட்டி, ஈரம் உலர்ந்த பின்பே பெட்டியில் வையுங்கள்.