எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க - கடிதம்

வணக்கம் சார்,
எம்பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, 800 மீட்டர் ஓடுறா. பிராக்டிஸ்ல நல்லா ஓடுறவ, மீட்ல நான் நின்னு கத்துனா சொதப்புறா. இப்ப 'நீ வராதப்பா'ன்னுட்டா. உற்சாகப்படுத்துனா நல்லா ஓடுவாங்கன்றது பொய்யா? ஹெல்த் டிரிங்க் ஏதாவது குடுக்கலாமா?
- ஆர்.

அன்புள்ள ஆர்.,

டிரிங்க் விஷயத்த கோச்கிட்ட கேளுங்க. மத்தது பொய் இல்ல, ஆனா பாதி உண்மை. 1969ல அமெரிக்காவுல கரப்பான்பூச்சிய வெச்சு ஒரு சோதனை வந்துச்சு, நேர்ப்பாதையில மத்த பூச்சிங்க பக்கத்துல இருந்தா அது வேகமா ஓடிச்சு, வழி தேடித் திரும்ப வேண்டிய பாதையில அதே கூட்டம் இருந்தா தடுமாறிச்சு. நல்லா பழகுன வேலைக்குத்தான் கூட்டம் கை குடுக்கும். ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்கு 800 இன்னும் பழகல சார், மொத ரவுண்டுல எவ்ளோ மிச்சம் வெக்கணும்னே இப்பத்தான் கத்துக்கிட்டிருக்கா.

அதவிட, என்ன கத்துனீங்கன்னு நீங்க எழுதவே இல்லையே? 'ஓடு ஓடு, அவ முந்துறா பாரு' தானே? அது உற்சாகமா? வட்டிக்காரன் வாசல்ல நின்னு கேக்குற குரல் அது.

எங்க நின்னீங்கன்னும் எனக்குத் தெரியும், பினிஷ் லைன்ல. எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. நான் ஸ்கூல்ல 1500 ஓடுனவன், மாவட்ட மீட், மண் ட்ராக், சுண்ணாம்புக் கோடு, பந்தலுக்குக் கீழ சார்மாருங்க, அப்பா அம்மாங்க எல்லாம். எதிர்ப்பக்கம் கருவேல மரம் மட்டும்தான். மூணாவது ரவுண்டுல அங்க போறப்ப நம்ம மூச்சுச் சத்தம் தவிர ஒண்ணும் கேக்காது, விட்டுரலாம்னு தோணுற எடம் அதுதான். கென்யா ஓட்டக்காரர் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் 800 மீட்டர்ல 1:40.91ல உலக சாதனை வெச்சப்பவே மொத ரவுண்டு 49.28 செகண்ட், ரெண்டாவது மெதுவாகி 51.63, அவருக்கே அப்படின்னா உங்க பொண்ணு கால் என்ன பாடுபடும்? நான் ஓடுன அந்த மீட்ல, மொத சுத்தான ஹீட்ஸ்லயே தோத்துப்போன என் கூட்டாளி ஒருத்தன் எதிர்ப்பக்கம் அந்த வெயில்ல, என் செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு தனியா நின்னான். ஒவ்வொரு ரவுண்டும் என் பேரச் சொல்லி 'தோள எறக்குடா, தோள எறக்கு'ன்னான், அவ்ளோதான். நாலாவதா வந்தேன். பந்தல்ல யாரு கை தட்டுனாங்கன்னு ஞாபகம் இல்ல, அவன் குரல் மட்டும் இன்னும் காதுல இருக்கு.

என்ன சொல்லிக் கத்தணும்னு அவகிட்டயே கேளுங்க. வர வேணாம்னா போகாதீங்க, மொகத்தத் தூக்கி வெச்சுக்காதீங்க. வரச் சொன்னா எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க, ட்ராக்குக்கு வெளிய, கூட ஓடுனா டிஸ்குவாலிஃபை பண்ணிருவாங்க. முடிச்சு வந்ததும் டைம் கேக்காம மொதல்ல செருப்ப எடுத்துக் குடுங்க, மண்ணு சுடும்.