நுரையீரல் மாற்றுக்குப் பின் வரும் நாள்பட்ட நிராகரிப்புக்கு, மூச்சில் இழுக்கும் மருந்தை ஏன் சோதிக்கிறார்கள்?

மாற்றி வைத்த நுரையீரலை உடலின் எதிர்ப்புச் சக்தி அந்நியமாகவே பார்த்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சேதப்படுத்துவதுதான் நாள்பட்ட நிராகரிப்பு. சிறு மூச்சுக்குழாய்களில் தழும்பு விழுந்து அவை குறுகிவிடும். 5 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இது வந்துவிடுகிறது.

அதற்குத்தான் மாத்திரை இருக்கிறதே என்பீர்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது, அளவைக் கூட்டினால் சிறுநீரகம் அடிவாங்கும், தொற்றும் எளிதில் தொற்றிக்கொள்ளும். கதவு நிலையில் கரையான் என்றால் வீடு முழுக்கவா மருந்தடிப்போம்? அதனால்தான் அதே மருந்தை நெபுலைசர் கருவியில் நுண்துளிகளாக்கி நேரே நுரையீரலுக்குள் அனுப்பிப் பார்க்கிறார்கள்.

சரி, பலன் உண்டா? 2006இல் வெளியான ஒரு சோதனையில் திடீர் நிராகரிப்பு குறையவில்லை, ஆனால் மருந்தை இழுத்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். விசித்திரம்தான்! பழைய கரைசல் தொண்டையை உறுத்தி இருமலைக் கிளப்பியதால், அப்புறம் மருந்தைக் கொழுப்பு நுண்குமிழிகளில் அடைத்துச் சோதித்தார்கள். ஒரே மூச்சாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்றின் அளவுதான் முக்கிய அளவுகோல்; குழாய்கள் குறுகக் குறுக அது சரியும். சிலருக்கு இந்தச் சரிவு தானாகவே சில காலம் நின்றுவிடும் என்பதால், மருந்து இழுக்காத ஒரு குழுவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் மருந்தின் பங்கு தெரியும்.

பலர் நினைப்பதுபோல இது ஆஸ்துமா இன்ஹேலர் மாதிரி குழாயை உடனே திறந்துவிடாது, விழுந்த தழும்பையும் அழிக்காது, வழக்கமான மாத்திரைகளையும் நிறுத்த முடியாது.